இடமறியும் உயிரணுக்கள்

கோழி முட்டையை அடை வைத்தால் 21 நாட்களில் குஞ்சு பொரித்து வெளிவரும் என்பது நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அந்த 21 நாட்களில் ஓட்டுக்குள் நடப்பது என்ன என்ற வினாவுக்கு விடை தேடி அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக உழைத்து வந்துள்ளனர். முதலில் இருப்பது ஓர் உயிரணு மட்டுமே. அது இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பல்கிப் பெருகுகிறது. ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள மரபுச் செய்தி ஒன்றே. அப்படியிருந்தும் ஒன்று கண்ணாகிறது, மற்றொன்று அலகாகிறது, வேறொன்று நகமாகிறது. கண் தலையில்தான் தோன்றுகிறது, காலில் தோன்றுவதில்லை. நகம் விரல் நுனியில்தான் முளைக்கிறது, நெற்றியில் முளைப்பதில்லை. ஒரே நூலைக் கையில் வைத்திருக்கும் கோடிக்கணக்கான உயிரணுக்களில் எது எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்?

விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் 24 மணி, 48 மணி, 72 மணி நேரக் கோழிக் கருக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைந்து பெயர் குறிக்கிறோம். படம் வரைந்து முடித்த பின்னும் இந்த வினா என்னை விடவில்லை. அதற்கு அறிவியல் இதுவரை கண்டுள்ள விடையை, விலங்கியல் பயிலாத நண்பர்களுக்கும் விளங்கும்படி எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆலையும் கருவும்

நம் மாவட்டத்து ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. அங்கே லாரி செய்யும் ஆலை உண்டு, கைக்கடிகாரம் செய்யும் ஆலை உண்டு. ஆலை எதுவாயினும் முறை ஒன்றே. வரைபடம் ஒரு அறையில் தயாராகும். அதைப் படித்தறிந்த மேற்பார்வையாளர் இன்னின்னார் இன்னின்ன வேலையைச் செய்க என்று பிரித்துக் கொடுப்பார். தொழிலாளிக்குத் தன் இடமும் தெரியும், தன் வேலையும் தெரியும்.

கருவில் மேற்பார்வையாளர் எவரும் இல்லை. உயரத்தில் நின்று முழு உருவத்தையும் பார்த்துக் கட்டளையிடும் கண் ஒன்றும் அங்கே கிடையாது. ஒவ்வோர் உயிரணுவும் தன்னைச் சுற்றியுள்ள சிறு இடத்தை மட்டுமே உணர வல்லது. அப்படியானால் தான் தலைப்பக்கம் இருக்கிறோமா, வால்பக்கம் இருக்கிறோமா என்பதை அது எப்படி அறியும்?

எல்லைப் பயணம் ஒன்று

இதை விளக்க நம் ஊர்ப் பேருந்தே போதும். கிருஷ்ணகிரியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு பெங்களூர் நோக்கிப் பயணம் செய்வதாக வைத்துக்கொள்வோம். காதில் விழும் பேச்சை மட்டும் கவனிக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் தமிழ்ப் பேச்சே மிகுதி. சூளகிரியைக் கடக்கையில் தெலுங்கும் கன்னடமும் இடையிடையே கேட்கும். ஓசூரில் மூன்று மொழிகளும் கலந்து ஒலிக்கும். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி வந்தால் கன்னடமே ஓங்கி நிற்கும். எந்த ஊர் வந்திருக்கிறது என்று நடத்துநரைக் கேட்க வேண்டியதில்லை. எந்த மொழி எவ்வளவு கேட்கிறது என்ற அளவைக் கொண்டே நாம் எங்கே இருக்கிறோம் என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

கருவில் உள்ள உயிரணுக்கள் செய்வதும் இதுதான். கருவின் ஓரிடத்தில் உள்ள சில உயிரணுக்கள் ஒரு வேதிப் பொருளைச் சுரக்கின்றன. அது சுரக்கும் இடத்தில் மிகுதியாகவும், விலக விலகக் குறைவாகவும் பரவி நிற்கிறது. இதனைச் செறிவுச் சரிவு எனலாம். ஒவ்வோர் உயிரணுவும் தன் இடத்தில் அப்பொருள் எவ்வளவு செறிவாக உள்ளது என்று உணர்ந்து, அதற்கேற்ற மரபணுக்களை இயங்கச் செய்கிறது. இவ்வாறு உருவை வகுக்கும் பொருளுக்கு மார்ஃபோஜென் என்று பெயர். தமிழில் உருவாக்கி என்று சொல்லிக்கொள்வோம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். செறிவு படிப்படியாகத்தானே குறைகிறது, உடலுறுப்புகளின் எல்லைகள் மட்டும் எவ்வாறு கத்தியால் வெட்டியது போல் அமைகின்றன? இதற்கும் நம் எல்லையே எடுத்துக்காட்டு. பேச்சுமொழி மெல்ல மெல்லத்தான் மாறுகிறது. ஆனால் அரசு அலுவலகப் பலகைகளின் மொழி மாநில எல்லைக் கோட்டில் சட்டென்று மாறிவிடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் கன்னடம். உயிரணுவுக்குள்ளும் இத்தகைய கோடுகள் உண்டு. ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஒரு மரபணு விழித்துக்கொள்கிறது. விழித்த மரபணு தன்னைத் தானே மேலும் தூண்டிக்கொண்டு, தன் போட்டி மரபணுவை அடக்கிவிடுகிறது. அளவு சற்றுக் குறைந்த பக்கத்திலோ அந்தப் போட்டி மரபணு வென்று இதனை அடக்குகிறது. ஆகவே மெல்லிய சரிவிலிருந்து கூர்மையான எல்லை பிறக்கிறது.

கருத்து வளர்ந்த வரலாறு

1924ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ஸ்பீமானும் அவருடைய மாணவி ஹில்டே மாங்கோல்டும் ஓர் அரிய சோதனையை வெளியிட்டனர். நியூட் என்னும் வாலுள்ள நீர்நில வாழ்வியின் இளங்கருவிலிருந்து ஒரு சிறு திசுத் துண்டை எடுத்து மற்றொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினர். அங்கே இரண்டாவது உடல் ஒன்றே உருவாகத் தொடங்கிற்று. அந்த உடலின் பெரும்பகுதி ஒட்டிய துண்டிலிருந்து வளர்ந்ததன்று. அண்டையில் இருந்த உயிரணுக்களே கட்டளை பெற்றுத் தம் போக்கை மாற்றிக்கொண்டன. ஸ்பீமான் 1935இல் நோபல் பரிசு பெற்றார். மாங்கோல்டோ ஆய்வு வெளிவந்த அதே ஆண்டில் தீ விபத்தொன்றில் இளம் வயதிலேயே மறைந்தார்.

மார்ஃபோஜென் என்ற சொல்லை 1952இல் படைத்தவர் ஆலன் டூரிங். கணிப்பொறிக் கொள்கைக்கு வித்திட்ட அதே டூரிங்தான். அவருடைய தந்தை சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி என்பதும், தாயார் பிறந்தது நம் போத்தனூரில் என்பதும் தமிழ்நாட்டு மாணவர்கள் அறிய வேண்டிய செய்திகள். இரண்டு வேதிப் பொருள்கள் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் பரவினால், வெறும் பரப்பில் தாமாகவே புள்ளிகளும் கோடுகளும் தோன்றும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

1969இல் லூயிஸ் வோல்பர்ட் என்னும் அறிஞர் இக்கருத்துக்கு எளிய வடிவம் தந்தார். பிரெஞ்சு நாட்டுக் கொடியில் நீலம், வெள்ளை, சிவப்பு என மூன்று பட்டைகள் உள்ளன. வரிசையாக நிற்கும் உயிரணுக்களில் ஒரு முனையில் உருவாக்கி மிகுந்திருந்தால் நீலம், நடுத்தரமாக இருந்தால் வெள்ளை, குறைவாக இருந்தால் சிவப்பு. ஒரே பொருள், இரண்டே வரம்புகள், ஆனால் மூன்று விதி! உயிரணு தன் முகவரியை முதலில் அறிகிறது, பிறகே தன் தொழிலைத் தேர்கிறது என்பதே வோல்பர்ட் கொள்கையின் சாரம். இவ்வாறு ஒரு பொருள் கரைந்து பரவி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குட்பட்ட தூரத்தில் சில மணி நேரத்தில் சரிவை அமைக்க முடியும் என்று 1970இல் கணக்கிட்டுச் சொன்னவர் பிரான்சிஸ் கிரிக்.

ஈயின் தலையும் கோழியின் சிறகும்

கொள்கை இருந்தது, பொருள் எங்கே? அதற்கு விடை தந்தது பழத்தைச் சுற்றும் சிறு ஈ. கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் என்னும் ஜெர்மானியப் பெண்மணியும் வோல்ஃப்கங் ட்ரீவர் என்பவரும் 1988இல் பைகாய்ட் என்னும் புரதத்தின் சரிவை ஈயின் கருவில் கண்ணால் காணும்படி காட்டினர். தாய் ஈ முட்டையின் முன்முனையில் மட்டும் இப்புரதத்துக்கான செய்தியை வைத்துவிடுகிறது. முட்டையின் நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். முன்முனையிலிருந்து ஒவ்வொரு 100 மைக்ரான் தூரத்திற்கும் செறிவு மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமாகச் சுருங்குகிறது. அதாவது தொடக்கத்தில் 100 என்று கொண்டால், பிறகு 37, பிறகு 14, பிறகு 5, பிறகு 2. மிகுதியான இடத்தில் தலை, அடுத்து மார்பு, அடுத்து வயிறு.

இப்புரதத்தைத் தர இயலாத தாயின் கருவில் தலையும் மார்பும் தோன்றவில்லை. தாய்க்கு அந்த மரபணுவின் கூடுதல் பிரதிகள் இருந்தபோது, தலையின் எல்லை பின்னோக்கி நகர்ந்தது. புரதத்தின் செய்தியை முட்டையின் நடுவில் செலுத்தியபோது நடுவிலேயே தலை உருவாகத் தொடங்கிற்று. அளவுதான் முகவரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும், அவருடன் ஈயின் உடல் வகுப்பு மரபணுக்களைத் தேடிக் கண்ட எரிக் வீஷாஸும், எட்வர்ட் லூயிஸும் 1995இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கோழிக் கருவிலும் இதே கதைதான். சிறகு முதலில் ஒரு சிறு மொட்டாகத் தோன்றுகிறது. அதன் பின்விளிம்பில், அதாவது நம் கையானால் சுண்டுவிரல் இருக்கும் பக்கத்தில், ஒரு சிறு திசு உள்ளது. 1968இல் சாண்டர்ஸ், காஸலிங் என்னும் இருவர் இத்திசுவை எடுத்து மொட்டின் முன்விளிம்பில் ஒட்டினர். வழக்கமாக 2, 3, 4 என்று வரிசையிட்டு அழைக்கப்படும் மூன்று விரல்கள் தோன்ற வேண்டிய இடத்தில், 4, 3, 2, 2, 3, 4 என்று கண்ணாடியில் பார்த்ததுபோல் ஆறு விரல்கள் தோன்றின. அத்திசு சுரக்கும் பொருள் இன்னதென்று 1993இல் தெரிந்தது. அதன் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். ஹெட்ஜ்ஹாக் என்றால் முள்ளெலி. அந்த மரபணு கெட்ட ஈப்புழுவின் மேனி முழுதும் முட்கள் நிறைந்திருந்ததால் முதலில் ஈயின் மரபணுவுக்கு அப்பெயர் வைத்தார்கள். சோனிக் என்பது ஒரு வீடியோ விளையாட்டுப் பாத்திரத்தின் பெயர். செறிவு மட்டுமன்றி, அப்பொருளின் தொடர்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் உயிரணு கணக்கில் கொள்கிறது என்று பின்னைய ஆய்வுகள் காட்டின.

மல்பெரித் தோட்டத்தில் ஒரு பாடம்

ஈயும் கோழியும் இருக்கட்டும். நம் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதி உழவர்களின் வீட்டுத் தட்டுகளில் வளரும் பட்டுப்புழுவிலும் இவ்வுண்மையைக் காணலாம். பட்டுப்புழு இனங்களையும் மல்பெரி வகைகளையும் அழியாமல் பேணிக் காக்கும் மத்தியப் பட்டு வாரியத்தின் மூலவளக் காப்பு மையம் ஓசூரில்தான் அமைந்துள்ளது. புழுக்களைக் கூர்ந்து பார்த்தால், சில இனங்கள் வெறும் வெள்ளையாக இருக்கும். சில இனங்களில் மார்புப் பகுதியில் கண் போன்ற புள்ளிகளும், வயிற்றின் இரண்டாம் வளையத்தில் பிறை போன்ற இணைக்குறிகளும் இருக்கும். இன்னும் ஒரு வகையில் வளையத்துக்கு வளையம் இணை இணையாகப் புள்ளிகள் நிரம்பியிருக்கும்.

இந்தப் பல புள்ளி வகையை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். புள்ளி விழும் இடங்களில் மட்டும் உவின்ட்-1 என்னும் சைகைப் புரதம் சுரக்கிறது. புழு தோலுரிக்கும் பருவத்து ஹார்மோன் ஏறி இறங்கும்போது அதற்கேற்ப இச்சுரப்பும் நிகழ்கிறது. வெற்றிடத்தில் அம்மரபணுவைச் செயற்கையாக இயக்கினால் அங்கும் நிறம் தோன்றுகிறது. பல புள்ளிப் புழுவில் கெட்டது புரதம் அன்று. எங்கே சுரக்க வேண்டும் என்று சொல்லும் கட்டளைப் பகுதியே மாறியிருக்கிறது. ஈயில் இறகு தோன்றத் துணைசெய்வதும் இதே உவின்ட்-1தான். இயற்கை ஒரே எழுத்தைக் கொண்டு பல சொற்களை எழுதுகிறது.

இன்னொன்றும் கூற வேண்டும். ஈயின் தலையை வகுக்கும் பைகாய்ட் பட்டுப்பூச்சியில் இல்லவே இல்லை. அது ஈ இனத்துக்கு மட்டுமே உரிய பிற்காலத் தோற்றம். பட்டுப்பூச்சி வேறு மரபணுக்களைக் கொண்டு தன் தலையை வகுக்கிறது. முறை பொது, கருவி வேறு.

நம் நாட்டின் பங்கு

இத்துறையில் இந்தியர்களின் பங்கும் குறைந்ததன்று. ஒரிசாவின் உத்கல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாடியும் அவருடைய துணைவர்களும் 1992இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டு உலகை வியக்க வைத்தனர். இவர் ஒடிசி நடனத்திலும் புகழ்பெற்றவர். ஒரு வகைத் தவளையின் தலைப்பிரட்டைகளின் வாலை வெட்டி, வைட்டமின் ஏ கலந்த நீரில் வைத்தனர். வால் வெட்டுப்பட்ட இடத்தில் மீண்டும் வால் முளைக்க வேண்டும். ஆனால் அங்கே பின்னங்கால்கள் முளைத்தன! வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெடினாயிக் அமிலம் கருவில் ஓர் இடங்காட்டிப் பொருள். அதன் அளவு மீறியதும் வால் நுனி உயிரணுக்கள் தம் முகவரியை மறந்து, இடுப்புப் பகுதி உயிரணுக்களைப் போல் நடந்துகொண்டன.

ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையம் உள்ளது. அங்கே சத்யஜித் மேயர் குழுவினர் 2008இல், ஹெட்ஜ்ஹாக் மூலக்கூறுகள் அவற்றைச் சுரக்கும் உயிரணுவின் மேற்பரப்பில் மிக நுண்ணிய கூட்டங்களாகச் சேர்கின்றன என்றும், அவ்வாறு சேராவிட்டால் அருகிலுள்ள உயிரணுவுக்குச் செய்தி போகுமேயன்றித் தொலைவுக்குப் போகாது என்றும் காட்டினர்.

பழி யாருக்கு?

இவ்வளவும் ஏட்டுச் செய்தியென்று நண்பர்கள் கருதலாம். அன்று. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஆறு விரலுடனோ பிளந்த உதட்டுடனோ குழந்தை பிறந்தால், முதலில் எழும் கேள்வி ‘கிரகணத்தன்று தாய் வெளியே வந்தாளா, கத்தியைத் தொட்டாளா?’ என்பதுதான். பிள்ளை பெற்ற உடல் தேறும் முன்பே அந்தப் பெண் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறாள். மாமியார் பேசுவார், அண்டை வீட்டார் பேசுவார்கள், கணவனும் வாய் திறக்காமல் நிற்பான். இப்படிப் பழி சுமந்து தலை குனிந்து நடக்கும் பெண்களை நான் அறிவேன்.

கருவியல் சொல்வது என்ன? ஆறாம் விரலுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை 2003இல் கண்டறிந்தனர். சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவை எங்கே இயக்குவது என்று சொல்லும் கட்டளைப் பகுதி, அம்மரபணுவிலிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் எழுத்துகளுக்கு அப்பால் உள்ளது. அதில் ஓர் எழுத்து மாறினாலும், சுரக்கக் கூடாத முன்விளிம்பிலும் அப்பொருள் சுரந்து கூடுதல் விரல் தோன்றலாம். கோழிச் சிறகில் அறிஞர்கள் கையால் செய்ததை இங்கே எழுத்துப் பிழை செய்கிறது. அந்த எழுத்து தாய்வழியும் வரலாம், தந்தைவழியும் வரலாம், புதிதாகவும் தோன்றலாம். பிளந்த உதட்டுக்கும் மரபும் சூழலுமாகப் பல காரணங்கள் கூடுகின்றன. கிரகணத்தின் நிழலுக்கு அவற்றுள் இடமில்லை.

ஆனால் தாயின் உடலுக்குள் செல்லும் சில பொருள்கள் உண்மையிலேயே சரிவுகளைக் குலைக்க வல்லவை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1950களில் ஒற்றைக் கண்ணுடன் ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. சினையாடுகள் மேய்ந்த ஒரு காட்டுச் செடியே காரணம் என்று கண்டனர். அதிலுள்ள நஞ்சு ஹெட்ஜ்ஹாக் சைகையைத் தடுக்கிறது என்பது 1998இல் தெளிவாயிற்று. கருவின் முகத்தில் ஒன்றாக இருக்கும் கண் பரப்பை இரண்டாகப் பிரிப்பது அந்தச் சைகையே. அது தடைப்பட்டதால் கண் ஒன்றாகவே நின்றுவிட்டது. இதே சைகை முதிர்ந்த உடலில் தவறான நேரத்தில் விழித்தெழுந்தால் ஒரு வகைத் தோல் புற்றுநோய் உண்டாகிறது. ஆட்டை அழித்த நஞ்சு தடுத்த அதே சைகையைத் தடுக்கும் மருந்தொன்று 2012 முதல் அப்புற்றுநோய்க்குப் பயன்பட்டு வருகிறது. நஞ்சும் மருந்தும் ஒரே வாசலில்தான் நிற்கின்றன.

நம் வயதினருக்கு நேரடியாக உரிய செய்தி ஒன்றும் உண்டு. கடுமையான முகப்பருவுக்கு மருத்துவர்கள் தரும் ஐசோட்ரெடினாயின் மாத்திரை, ரெடினாயிக் அமில இனத்தைச் சேர்ந்தது. ஒரிசாத் தலைப்பிரட்டையின் முகவரியைக் குலைத்த பொருளின் உறவு அது. கருவுற்ற பெண் உட்கொண்டால் குழந்தையின் முகம், இதயம், மூளை ஆகியவை ஊனமுறக்கூடும். எனவே மருத்துவர் மேற்பார்வையின்றி, தோழி தந்தாள் என்றோ கடைக்காரர் தந்தார் என்றோ அதை விழுங்கலாகாது. அதற்காக முருங்கைக் கீரையையும் பப்பாளிப் பழத்தையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவற்றில் இருப்பது கரோட்டின். உடல் தனக்கு வேண்டிய அளவே அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். கருவுற்ற காலத்தில் மதுவும், கட்டுப்படாத சர்க்கரை நோயும் கருவைப் பாதிக்கும் என்பதும் நிறுவப்பட்ட உண்மைகள். கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கேட்க வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம், சோதிடர் வீடன்று.

முடிவுரை

ஒரு சில மூலக்கூறுகள், அவற்றின் கூடுதல் குறைவு, அதைப் படித்தறியும் உயிரணு ஆகிய இவ்வளவைக் கொண்டே ஈயின் தலையும் கோழியின் சிறகும் பட்டுப்புழுவின் பிறையும் நம் கைவிரல்களும் அமைகின்றன. விரல் ஐந்தாவதும் ஆறாவதும் ஒரு மில்லிமீட்டருக்குள் நடக்கும் அளவுக் கணக்கின் விளைவு. அக்கணக்கில் தாயின் நடத்தைக்கு மதிப்பெண் போடும் அதிகாரம் எவருக்கும் இல்லை.

வேதியியல், கணிதம், தமிழ் என்று எத்துறையைப் பயின்றாலும் நம்மில் பலர் நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் சிற்றூர்களுக்குச் செல்லப் போகிறோம். ஆறு விரல் குழந்தையைப் பெற்ற தாய் ஒருத்தியைச் சுற்றிக் கூட்டம் கூடி நிற்கும் நாள் நம் வாழ்விலும் வரலாம். அந்நாளில் கூட்டத்தை நோக்கி, ‘இது அவள் குற்றமன்று, உதட்டுப் பிளவென்றால் அறுவை சிகிச்சையால் சீராக்கலாம், வாருங்கள் மருத்துவமனைக்கு’ என்று சொல்லும் ஒரே குரல் நம்முடையதாக இருக்கட்டும். அதற்குப் பயன்படுமானால், நுண்ணோக்கியின் முன் அமர்ந்து நாம் வரைந்த கருப் படங்கள் வீண்போகவில்லை.